ரொம்பின் கடலில் மயில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு

வந்த கேள்வி இது: "சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர். ஏரியிலும் படகுத்துறையிலும் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, நடுக்கடல் போனதில்லை. மலேசியாவில் ரொம்பினுக்குப் போனால் மயில் மீன் நிச்சயம் மாட்டும் என்கிறார்கள். எந்த மாதம் போகலாம்? என்ன தூண்டில் வாங்க வேண்டும்? எவ்வளவு ஆகும்? பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைக்கலாமா?"

மயில் மீன் என்றால் ஆங்கிலத்தில் செயில்ஃபிஷ்; முதுகில் பாய்போல் விரியும் துடுப்பும் ஈட்டிபோல் நீண்ட மூக்கும் உள்ள பெரிய கடல் மீன். நாலு கேள்வியில் தூண்டில் பற்றியதற்குக் கடைசியாகக் கவலைப்பட்டால் போதும். ரொம்பினில் நீங்கள் கொடுக்கிற காசு இரண்டு விஷயங்களுக்குப் போகிறது. ஒன்று தெக்கோங்கின் கண். மற்றொன்று காலையில் அவர் பிடித்துத் தொட்டியில் விடும் உயிர் இரை. தெக்கோங் என்றால் படகுக்காரர். மலேசியாவில் மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாருமே அப்படித்தான் சொல்வோம். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் முதல்முறை கடலுக்கு வருகிறவர் கையிலும் மயில் மீன் மாட்டும். ஒன்று சொதப்பினாலும் விலை உயர்ந்த ரீல் வைத்திருப்பவர் வெயில் காய்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். "நிச்சயம்" என்று யாராவது சொன்னால், அவர் பேக்கேஜ் விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். கோல ரொம்பின் பஹாங் மாநிலத்தின் தென்பகுதியில், தென்சீனக் கடலைப் பார்த்துக் கிடக்கிற சின்ன ஊர். ஜொகூர் பாருவைத் தாண்டிக் கோத்தா திங்கி, மெர்சிங், எண்டாவ் வழியாக 3ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தால் ஏறக்குறைய 200 கி.மீ. தூரம். பாலத்தில் நிற்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் பாதிப் பயணம் குடிநுழைவு வரிசையிலேயே போய்விடும். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாலைந்து மணி நேர ஓட்டம்.

மயில் மீனுக்குப் பேர்போன மற்ற இடங்களோடு வைத்துப் பார்த்தால் ரொம்பின் ஒரு விசித்திரம். குவாத்தமாலாவின் பசிபிக் கரையில் இஸ்தாப்பா என்றொரு ஊர் இருக்கிறது. ஒரே நாளில் அங்கே பார்க்கிற மயில் மீன் எண்ணிக்கையை வேறெங்கும் பார்ப்பது கடினம். ஆனால் அங்கே நீலத் தண்ணீரைத் தேடி, அடி தெரியாத ஆழத்துக்குப் பெரிய படகில் போக வேண்டும். ரொம்பின் கடல் சுண்டா கண்டத்திட்டின் மேல் பரவியிருக்கிற ஆழமில்லாத கடல். மீன்பிடி நடக்கிற பகுதியில் ஐம்பது மீட்டர் ஆழம் என்பதே அபூர்வம். தண்ணீர் பல நாள் பச்சையாகத்தான் இருக்கும். பெருங்கடல் மீன் ஒன்று இப்படிக் கரையோரத்துக்கு வருவதற்குக் காரணம் தீனி. நெத்திலியும் சாளை வகைகளும் சின்னக் கணவாயும் இந்தப் பக்கம் திரளும்போது அவற்றின் பின்னாலேயே மயில் மீனும் வந்துவிடுகிறது. அதனால்தான் முப்பது அடி ஃபைபர் படகில், வெளியெஞ்சின் இரண்டை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஓடினாலே மீன் இருக்கிற இடத்துக்குப் போய்விட முடிகிறது. உலகத்தில் இவ்வளவு சுலபமாகவும் மலிவாகவும் மயில் மீனை நெருங்கக்கூடிய இடங்கள் அதிகமில்லை.

மாதத்துக்கு வருவோம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று இறங்கினால் பிப்ரவரி வரை கிழக்குக் கரை முழுவதும் அலைதான். அந்த நாலு மாதமும் மறந்துவிடுங்கள். யாராவது தள்ளுபடி விலையில் கூப்பிட்டாலும் போகாதீர்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை படகுகள் போகும். மார்ச், ஏப்ரலிலும் மீன் உண்டு, ஆனால் ஆளைப் பைத்தியமாக்குகிற மாதங்கள் ஆகஸ்டும் செப்டம்பரும். அக்டோபரில் மீன் இருக்கும், மதியத்துக்கு மேல் இடியும் மழையும் சேர்ந்து வரும். ராயல் பஹாங் பில்ஃபிஷ் இன்டர்நேஷனல் சேலஞ்ச் என்ற போட்டி ரொம்பினில்தான் நடக்கும். அது நடக்கிற வாரத்தில் நல்ல படகு ஒன்றும் கையில் சிக்காது, ஆகவே தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறுகளில் ஒரு நெத்திலிக் கூட்டத்தைச் சுற்றிப் பத்துப் படகு நிற்கும். எஞ்சின் சத்தத்தில் மீன் கீழே இறங்கிவிடும்.

இனி கடலில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், அப்போதுதான் நான் ஏன் இரையைப் பற்றியே பேசுகிறேன் என்பது புரியும்.

ஏழு மணிக்கு ஆற்றிலிருந்து படகு கிளம்பும். முகத்துவாரத்தில் மணல் திட்டு உண்டு. தண்ணீர் வற்றியிருந்தால் தெக்கோங் வேகத்தைக் குறைத்து வளைந்து வளைந்து போவார், சில நாள் ஏற்றத்துக்குக் காத்திருக்கவும் நேரும். வெளியே வந்ததும் நேராக மயில் மீனைத் தேடிப் போக மாட்டார். முதல் நிறுத்தம் உஞ்சாம். தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டி, அடியில் கல்லோ சிமெண்டுக் கட்டியோ வைத்து மீனவர்கள் கடலில் நட்டு வைத்திருக்கும் நிழல் அது. நிழலில் சின்ன மீன் ஒதுங்கும். அங்கே அப்போலோவை இறக்குவார்கள். ஒரே தங்கூசியில், அதாவது நைலான் நூலில், ஆறேழு குட்டி முள், ஒவ்வொன்றிலும் மீன் தோலோ பளபளக்கும் இழையோ கட்டிய தூண்டில் அது. ஜப்பானியர் சபிக்கி என்பதை இந்த ஊரில் அப்போலோ என்பார்கள். அதை மெல்ல உயர்த்தி இறக்கினால் செலார், தம்பான், கெம்போங் என்று மூன்று நாலாகத் தொங்கிக்கொண்டு மேலே வரும்.

இங்கேதான் தெக்கோங்கின் தரம் தெரியும். நல்லவர் அந்தக் குஞ்சு மீனைக் கையால் பிடிக்கவே மாட்டார். முள்ளைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினால் மீன் நேராகத் தொட்டிக்குள் விழும். உள்ளங்கை பட்டாலே செதிள் உரிந்து, அரை மணியில் அது பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். அப்படிச் சாய்ந்த இரையை மயில் மீன் ஏறெடுத்தும் பார்க்காது. தொட்டியில் கடல் தண்ணீர் ஓயாமல் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். அளவுக்கு மேல் மீன் போட்டு அடைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் இரை பிடிப்பதிலேயே போகிறதே என்று அவசரப்படாதீர்கள். உங்கள் நாளை நிர்ணயிக்கிற ஒரு மணி நேரம் அதுதான். உதவி செய்ய ஆசைப்பட்டால் நீங்களும் ஒரு அப்போலோவை வாங்கிப் போடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அடுத்தது தேடல். தெக்கோங் பார்ப்பது பறவையை. ஆலாக்கள் உயரத்தில் சிதறிப் பறந்தால் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஒரே இடத்தில் தாழ்ந்து, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தால் கீழே இரை அகப்பட்டிருக்கிறது. இன்னும் கிட்டப் போனால் தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு முக்கோணம், பக்கத்தில் இன்னொன்று, சில நாள் ஐந்தாறு. மயில் மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து நெத்திலியை உருண்டையாக ஒடுக்கி, முதுகுத் துடுப்பை உயர்த்தி வேலிபோல மறித்து நிற்கும் காட்சி அது. ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து, மூக்கை இடமும் வலமும் வீசி அடிக்கும். அடிபட்டுத் தடுமாறும் மீனைத் திரும்பி வந்து விழுங்கும். மூக்கால் குத்தித் தூக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வேட்டையில் அது பெரும்பாலும் வாள்போல் வீசுவதற்குத்தான் பயன்படுகிறது. மெக்சிகோவின் கான்குன் பக்கம் கடலுக்குள் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். நம்மில் இடக்கைக்காரர், வலக்கைக்காரர் இருப்பதைப் போல மயில் மீனிலும் ஒவ்வொன்றுக்கும் வீசுவதற்கு வாகான பக்கம் ஒன்று உண்டாம்.

படகை அந்தக் கூட்டத்துக்குள் விடுவது மூடத்தனம். காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று பார்த்து, அதற்கு முன்னால் போய் எஞ்சினை நிறுத்தி, படகைத் தானாக மிதக்க விட வேண்டும். பிறகு பலூன். ஆமாம், பிறந்தநாள் பலூன்தான், முஷ்டி அளவுக்கு ஊதி நூலில் கட்டுவார்கள். ஒரு தூண்டில் கிட்டத்தில், இன்னொன்று சற்றுத் தள்ளி, மூன்றாவது இன்னும் தூரத்தில். இரை பலூனுக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் நீந்திக்கொண்டிருக்கும். ஏதோ பெரியது பக்கத்தில் வந்தால் இரைக்கு முதலில் தெரியும். பலூன் நடுங்க ஆரம்பிக்கும், பக்கவாட்டில் இழுபடும். அந்த நேரத்தில் படகில் பேச்சு தானாக நின்றுவிடும்.

பலூன் சட்டென்று மறைந்து நூல் ஓட ஆரம்பித்ததும் புதியவர்கள் எல்லாரும் செய்கிற காரியம், கம்பை வெடுக்கென்று பின்னால் இழுப்பது. செய்யாதீர்கள். ஏரியில் பழகிய கை அப்படித்தான் போகும், ஆனால் இங்கே போட்டிருப்பது சர்க்கிள் முள். அதன் நுனி நேராக நிற்காமல் உட்பக்கம் தண்டைப் பார்த்து வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கித் திரும்பி ஓடும்போது, நூல் மெல்ல இறுகினால் போதும். முள் தொண்டையில் எதையும் பற்றாமல் வழுக்கிக்கொண்டே வந்து வாயின் ஓரத்தில் திரும்பி மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் திரும்ப நேரமில்லாமல் வாயை விட்டே வெளியே வந்துவிடும். ஆகவே ரீலைத் திறந்து வைத்து, விரலால் நூலை லேசாகத் தடவிக்கொண்டு, சில நொடி ஓடவிட்டு, ரீலை மூடி, நூல் இறுகும் வரை சுற்றுங்கள். அவ்வளவுதான். பழைய ஜே வடிவ முள் வயிற்றுக்குள்ளோ செவுளிலோ மாட்டி மீனைக் கொல்லும். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கத்தில் இந்தக் குடும்பத்து மீன்களுக்கு நடத்தும் போட்டிகளில் இயற்கை இரையோடு சர்க்கிள் முள்தான் போட வேண்டும் என்று 2008 முதலே விதி இருக்கிறது. உங்கள் படகில் ஜே முள் கட்டிக்கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது.

மாட்டிய உடனே முதல் ஓட்டத்தில் நூறு மீட்டர் நூல் போகும். பிறகு வானத்தில் எழும். உடம்பை முறுக்கி, தலையை உதறி, வாலால் தண்ணீரை அடித்து நடந்துகொண்டே போவது போலத் தெரியும். அது மேலே எழும் ஒவ்வொரு முறையும் கம்பின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள். நூல் விறைப்பாக இருக்கும்போது அந்தக் கனம் முழுவதும் அதன்மேல் விழுந்தால் அறுந்துபோகும். டிராக்கை, அதாவது ரீல் நூலைப் பிடித்துவைக்கும் இறுக்கத்தை, தெக்கோங் மூன்று, நாலு கிலோவுக்கு வைத்திருப்பார். மீன் ஓடும்போது அதைத் திருகி இறுக்கிவிடாதீர்கள். அதே சமயம் பயந்து ரொம்பத் தளர்த்தி ஒரு மணி நேரம் இழுத்தடிப்பதும் மீனுக்குக் கெடுதல். பதினைந்து, இருபது நிமிடத்தில் படகோரம் வந்துவிட வேண்டும். தெக்கோங் எஞ்சினைப் போட்டு மீனைப் பின்தொடர்ந்து உதவுவார்.

ரொம்பின் மீன்கள் ராட்சச அளவில் இருக்காது, பெரும்பாலும் 20 முதல் 40 கிலோவுக்குள். தூண்டிலில் பிடித்த மயில் மீனில் உலக சாதனை 100.24 கிலோ; 1947இல் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் சாந்தா குரூஸ் அருகே பிடிபட்டது, இன்று வரை யாரும் தாண்டவில்லை. வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் படகில் யாராவது கட்டாயம் சொல்வார்கள்: மணிக்கு 110 கி.மீ., கடலிலேயே வேகமான மீன் என்று. பழைய காலத்தில் ஃபுளோரிடாவில் ரீலிலிருந்து நூல் ஓடிய வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. பிற்காலத்தில் தசை சுருங்கும் வேகத்தையும் கடலில் நீந்துவதையும் நேரடியாக அளந்தவர்களுக்கு அதில் பாதி கூடத் தேறவில்லை. மணிக்கு 40 கி.மீ.க்குள்தான் வந்தது. உங்கள் கையில் நூல் பறக்கும்போது இந்த விவரம் ஞாபகம் வராது என்பது வேறு விஷயம்.

இப்போது படகோரம். நான் அதிகம் சண்டை போடுகிற இடமும் இதுதான். மீன் கிட்ட வரும்போது பாருங்கள்: முதுகு கருநீலம், விலாவில் வெளிர்நீலப் புள்ளிகள் வரிசை வரிசையாகக் கோடுபோல் இறங்கும், வெறி பிடித்த நேரத்தில் அந்தக் கோடுகள் விளக்குப் போட்டதுபோல் எரியும். துடுப்பை விரித்தால் உடம்பின் உயரத்தை விட அது பெரியது. தேவையில்லாதபோது முதுகில் உள்ள பள்ளத்துக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும். இத்தனை அழகையும் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றுவது, தூக்கி மடியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று. ரொம்பினின் பழைய படங்கள் முக்கால்வாசி அப்படித்தான், நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து மடியில் மீனைக் கிடத்தியிருப்பார்கள். அதைச் செய்யாதீர்கள் என்பதே நான் உங்களிடம் கேட்டுக்கொள்கிற ஒரே காரியம்.

காரணம் சொல்கிறேன். மயில் மீன் நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளுக்குப் போதுமான தண்ணீர் போகும். இருபது நிமிடம் முழு மூச்சில் ஓடிக் களைத்த மீனுக்கு அந்தக் கணத்தில் மூச்சுத்தான் தேவை. சரியாக அப்போது அதைக் காற்றில் தூக்குகிறோம். வெயிலில் சுடும் ஃபைபர் விளிம்பில் உரசி, மேலே உள்ள வழவழப்பு போய்விடுகிறது. தண்ணீரில் தாங்கலோடு இருந்த உள்ளுறுப்புகள் தன் கனத்தாலேயே நசுங்குகின்றன. இரண்டு நிமிடம் கழித்துக் கடலில் விட்டால் வால் ஆட்டிக்கொண்டு போகத்தான் செய்யும், நமக்கும் மனசு நிறைந்துவிடும். கீழே போய் என்ன ஆனது என்று யார் பார்த்தார்கள்? கோஸ்டாரிகாவில் மயில் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை.

முறை இதுதான். கையுறை போட்ட தெக்கோங்கின் ஆள் மூக்கைப் பிடிப்பார். அது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், வெறுங்கையில் பிடித்தால் தோல் உரியும். மீன் தண்ணீரிலேயே இருக்க, தெக்கோங் எஞ்சினை மெதுவாக முன்னால் போடுவார். திறந்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ச் செவுள் வழியாக வெளியேறும். வாயோரத்தில் இருக்கும் முள்ளைக் குறடால் ஒரு திருப்பு திருப்பினால் வந்துவிடும். உள்ளே ஆழமாகப் போயிருந்தால் நோண்ட வேண்டாம், நூலை முள்ளுக்குக் கிட்டத்தில் வெட்டிவிடுங்கள். மங்கியிருந்த நிறம் மெல்லத் திரும்பும், வால் வலுவாக அடிக்கும், மூக்கு கையை விட்டுத் தானே திமிறும். அப்போது விடலாம். படம்? விளிம்பில் குனிந்து, மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். நீரும் துடுப்பும் உங்கள் முகமும் சேர்ந்து வருகிற அந்தப் படம், மடியில் கிடத்திய படத்தை விட நூறு மடங்கு நன்றாக இருக்கும். நண்பர் ஒருவரை முன்கூட்டியே கைப்பேசியோடு தயாராக நிற்கச் சொல்லிவிடுங்கள்.

அப்படியே ஓர் எச்சரிக்கை. படகோரத்தில் மீன் கடைசியாக ஒருமுறை துள்ளும். அந்த மூக்கு ஈட்டிதான். 2022 ஜூலையில் ஃபுளோரிடாவின் ஸ்டூவர்ட் கடலில், உடன் வந்தவர் இழுத்துக்கொண்டிருந்த மயில் மீன் தாவி, பக்கத்தில் நின்றிருந்த பெண்மணியின் அடிவயிற்றோரத்தில் குத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்படி ஆயிற்று. தூண்டில் பிடிக்காதவர்கள் படகின் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். முன் தங்கூசியைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள், சுற்றினால் விரல் போகும்.

சமைக்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் மேலேயே வந்துவிட்டது. மயில் மீன் சாப்பிடக் கூடாத மீன் ஒன்றும் இல்லை. தூத்துக்குடியிலும் காசிமேட்டிலும் வலையில் விழுந்து ஏலத்துக்கு வருவது உங்களுக்கே தெரிந்திருக்கும், இலங்கையில் தளபத்து என்று துண்டு போட்டு விற்பார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கடலுக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ரொம்பின் கதை வேறு. அங்கே ஓர் உயிருள்ள மயில் மீன் அடுத்த வாரம், அடுத்த மாதம் மறுபடி மறுபடி ஆட்களை ஊருக்கு வரவழைக்கிறது; தெக்கோங், தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை எல்லாருக்கும் அதில்தான் வருமானம். அறுத்தால் கனமான, கொஞ்சம் வறண்ட சதை. இந்த இனப் பெரிய மீன்களில் பாதரசமும் கூடுதலாகச் சேரும். என் நாக்குக்கு அது வஞ்சிரத்தின் பக்கத்தில் கூட வராது.

வஞ்சிரம் என்றதும் மற்ற மீன்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பலூனில் மயில் மீன் வராத நேரத்தில் சும்மா இருக்க வேண்டாம். அதே உயிர் இரைக்கு வஞ்சிரம் வரும், இங்கே தெங்கிரி என்பார்கள். அதன் பல் கத்தி, ஆகவே முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி கட்டாவிட்டால் இரையை மட்டும் பாதியாக நறுக்கிக்கொண்டு போய்விடும். கம்பி கட்டினால் மயில் மீன் சந்தேகப்படும். அதனால் ஒரு தூண்டிலில் மட்டும் கட்டுங்கள். உஞ்சாம் பக்கத்தில் கட்டாவும் பாறையும் ஷீலாவும் செயற்கை இரைக்குப் பாய்ந்து வரும், கையில் சின்னத் தூண்டில் இருந்தால் அதுவே பெரிய விளையாட்டு. கடல் விரால் மாட்டினால் மயில் மீனை விட முரட்டுத்தனமாக இழுக்கும். துள்ளாது, கீழேயே நின்று மல்லுக்கட்டும். எப்போதாவது சின்னக் கருப்பு மார்லின் கூட வருவதுண்டு, அதையும் விட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வஞ்சிரமும் ஒரு கடல் விராலும் போதாதா நாலு பேருக்கு? ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். தியோமான் பக்கம் போனால் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் தூண்டில் போடுவது குற்றம். தெக்கோங்குக்கு எல்லை தெரியும், நீங்கள் வற்புறுத்தாமல் இருந்தால் போதும்.

தூண்டிலுக்கு வந்துவிட்டேன். முதல் பயணத்துக்கு ஒன்றும் வாங்காதீர்கள். பெரும்பாலான படகுகளில் கம்பும் ரீலும் வாடகைக்கோ இலவசமாகவோ தருவார்கள். சொந்தமாகத்தான் வேண்டும் என்றால் ஏழடிக்குச் சற்றுக் குறைவான கம்பு, 6000 முதல் 8000 அளவுக்குள் ஒரு ஸ்பின்னிங் ரீல், அதில் முந்நூறு மீட்டர் பி.இ. 3 தடிமன் பின்னல் நூல், முன்னால் 60 அல்லது 80 பவுண்டு தங்கூசி இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). அதற்கு மேல் கனமாகப் போனால் மீனுக்கு ஓட வழியில்லை, உங்களுக்கு ரசமும் இல்லை. சிங்கப்பூர்க் கடைக்காரர் இதைப்போல் மூன்று பங்கு காட்டுவார், கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

செலவு: படகு ஒன்றுக்கு ஒரு நாள் வாடகை ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேலேயே தொடங்கும், படகின் அளவும் எஞ்சினும் பருவமும் பார்த்து ஏறும். பொதுவாக நாலு பேர் போகலாம், ஆகவே உங்கள் கூட்டம் சரியான எண்ணிக்கை. ஐந்தாவது ஆளைச் சேர்க்காதீர்கள், நூலோடு நூல் சிக்கும். இரண்டு நாளாகப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம். முதல் நாள் கடல் மோசமாக இருந்தாலும் மறுநாள் இருக்கிறது, பழகிய கையும் இருக்கும். நல்ல நாளில் ஒரு படகுக்குப் பத்துக்கு மேல் கடி வரும், சாதாரண நாளில் மூன்று நாலு, ஒன்றுமே இல்லாத நாளும் உண்டு. அதற்கெல்லாம் பணம் திரும்ப வராது.

சின்னச் சின்ன விஷயங்களைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இந்தப் படகுகள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. வாந்தி வரும் என்று சந்தேகம் இருந்தால் முந்தின இரவே ஒரு மாத்திரை, காலையில் படகு ஏற ஒரு மணி முன்னால் இன்னொன்று. கடலில் குமட்ட ஆரம்பித்த பிறகு விழுங்கிப் பயனில்லை. முழுக்கை சட்டை, கழுத்தை மூடும் துணி, ஒளி வெட்டும் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி அழகுக்கு இல்லை, தண்ணீருக்குள் மீனைப் பார்க்க. காலையில் ஜெட்டிப் பக்கத்தில் நாசி லெமாக் பொட்டலம் கிடைக்கும், ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாழைப்பழம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் வராது என்று உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் நம்புகிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை, நானும் எடுத்துப் போவதில்லை. சாயங்காலம் திரும்பியதும் ஆற்று இறால் சாப்பிடாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். ரொம்பினுக்கு மயில் மீனுக்கு முன்பே பேர் வாங்கித் தந்தது ஊடாங் காலாதான்.

முன்பணம் கட்டும் முன் தெக்கோங்கிடம் நேரில் பேசுங்கள், இடைத்தரகரிடம் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். உயிர் இரைத் தொட்டிக்கு பம்ப் ஓடுகிறதா, நாலு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, முள் சர்க்கிள்தானா, காற்று வலுத்துப் படகு போக முடியாமல் போனால் தேதி மாற்றித் தருவாரா, மயில் மீனைத் தண்ணீரிலேயே வைத்து விட்டுவிடச் சம்மதமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துவிட்டு, "எல்லாரும் தூக்கித்தான் படம் எடுப்பாங்க" என்றால் அடுத்த படகுக்காரருக்குப் போன் போடுங்கள்.